கருப்பட்டிக்கு விளம்பரம் தேவையா?

(பதினோராம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவியர்)

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மைதான். மல்லிகையின் மணம் தானே போய் ஆளை அழைத்து வரும். ஆனால் அது எவ்வளவு தூரம் போகும்? தெருமுனை வரை போகும். காற்று சாதகமாக இருந்தால் அடுத்த தெருவுக்கும் போகும். மதுரையிலும் சென்னையிலும் இருப்பவருக்கு நம் ஊரில் அப்படி ஒரு பூக்கடை இருப்பதே தெரியாது. பூவுக்கே இந்த நிலை என்றால், பனைமரத்து அடியில் புகைமூட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரு தாய் காய்ச்சும் கருப்பட்டியின் நிலை என்ன?

இந்தக் கேள்வியை நாங்களாகத் தேடிப் போகவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, அரையாண்டுத் தேர்வுக்குப் பின் படிப்பை நிறுத்திவிடுவேன் போலிருக்கிறது என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய ஊர் உடன்குடிக்கு அப்பால் உள்ளது. தந்தை பனையேறுபவர். முந்தைய பருவத்தில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு, ஏற முடியாமல் இருந்தார். வேறொருவரைக் கூலிக்கு ஏறச் சொல்லித் தாயார் கருப்பட்டி காய்ச்சுகிறார். பருவத் தொடக்கத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாயிற்று. ஆகவே காய்ச்சியதை அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். கடன் கழிந்து மிஞ்சுவதை மட்டுமே, திருச்செந்தூர் போகும் சாலையோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு விற்க முடிகிறது. பேருந்து நின்றால் விற்பனை உண்டு. நிற்காவிட்டால் இல்லை.

எங்கள் வணிகவியல் ஆசிரியை சிஸ்டர் இதைக் கேட்டுவிட்டு, "சந்தையிடுதல் பாடத்தை இந்த வருடம் புத்தகத்தில் படிக்க வேண்டாம், இந்தக் கொட்டகையில் படிப்போம்" என்றார். அப்படித் தொடங்கியதே இக்கட்டுரை. சிறு தொழில் நடத்தும் பெற்றோர் நம் பள்ளியில் பலர் இருப்பதால், நாங்கள் கற்றதையும், கற்பதற்குமுன் செய்த தவறுகளையும் இங்கே எழுதுகிறோம்.

முன்னோர் செய்த வழி

கையில் பணமின்றி வாணிகம் தொடங்கிப் பெயர் பெற்றவர் நம் நாட்டில் பலர். 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் என்பவர் தம் வீட்டில் சலவைத்தூள் தயாரித்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாகச் சென்று விற்றார். மகள் நிருபமாவின் நினைவாக அதற்கு நிர்மா என்று பெயரிட்டார். நம் கடலூரில் 1983-இல் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவைச் சிறு உறைகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். பெரிய பாட்டில் வாங்க இயலாத ஏழைக் குடும்பத்துக்கும் அது எட்டியது.

எங்களை மிகவும் கவர்ந்தது லிஜ்ஜத் அப்பளத்தின் கதைதான். 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், பம்பாய் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். கடனாகப் பெற்ற 80 ரூபாய்தான் மூலதனம். முதலில் அவர்கள் இரண்டு வகை அப்பளம் செய்தனர். ஒன்று நல்லது, மற்றொன்று தரம் சற்றுக் குறைவு, விலையும் குறைவு. அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பரேக் என்ற பெரியவர் அதைத் தடுத்தார். ஒரே தரம் போதும், அதில் ஒருபோதும் இறங்கிவிடாதீர்கள் என்று அறிவுறுத்தினார்.

இதை வகுப்பில் படித்தபோது எங்களுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. கொட்டகைக்குப் போன பிறகுதான் உறைத்தது. ஏனெனில் கருப்பட்டி வாணிகத்தின் பெருநோயே சீனிக் கலப்புதான். பதநீருடன் சீனியைச் சேர்த்துக் காய்ச்சினால் எடை கூடும், செலவு குறையும், பார்வைக்கும் பளபளப்பாக இருக்கும். அதையும் கருப்பட்டி என்றே விற்கிறார்கள். அதன் விலைக்கு முன் சுத்தமான கருப்பட்டியின் விலை நிற்க முடிவதில்லை. தோழியின் தாயாரிடம், "நீங்களும் கொஞ்சம் சீனி போட்டு மலிவாக ஒரு வகை செய்தால் என்ன?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டேவிட்டாள். "அப்புறம் எதைச் சொல்லி விக்கதுக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பரேக் அவர்களின் அறிவுரையும் அதுதானே!

முதலில் கணக்கு, பிறகு விளம்பரம்

ஊருக்கெல்லாம் தெரியப்படுத்துமுன் சிஸ்டர் எங்களைக் கணக்கெழுத வைத்தார். ஒரு கிலோவின் அடக்க விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளுறை, அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா 25 ரூபாய். தபால் செலவு 70 ரூபாய். வழியில் உடைவதற்கும் கரைவதற்கும் ஒரு 10 ரூபாய். ஆக 355. இதை 350-க்கு விற்றால், விற்கும் ஒவ்வொரு கிலோவிலும் 5 ரூபாய் நஷ்டம். நூறு பேருக்குத் தெரிந்தால் 500 ரூபாய் நஷ்டம். ஆயிரம் பேருக்குத் தெரிந்தால் 5,000. விளம்பரம் சில வேளைகளில் மனிதரை விரைவாகக் கடனாளி ஆக்கும் என்பதை அன்று கண்டோம்.

இன்னொன்றும் கண்டோம். அந்தத் தாயார் எழுதிய அடக்க விலையில் விறகு இருந்தது, ஏறுகூலி இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. விடியற்காலை முதல் உச்சிப்பொழுது வரை அடுப்பின்முன் நிற்கும் அவருடைய கூலி மட்டும் இல்லை. கேட்டதற்குச் சிரித்தார். நம் வீடுகளில் முறுக்குச் சுடும், துணி தைக்கும், அப்பளம் இடும் அன்னையர் எத்தனை பேர் தம் கூலியைக் கணக்கில் எழுதுகிறார்கள்? இதை வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் ஒரு பெயர்ப்பலகை

இக்காலத்தில் ஒரு பொருளை வாங்க நினைப்பவர் முதலில் கைப்பேசியில் தேடுகிறார். அங்கே நம் பெயர் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை நம் கடையே இல்லை. எனவே முதல் வேலையாகக் கூகுள் வரைபடத்தில் கொட்டகையைப் பதிவு செய்தோம். இதற்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். கட்டணம் ஏதுமில்லை. கடையின் பெயர், இடம், தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், சில படங்கள் ஆகியவை போதும். அப்படியொரு கடை உண்மையில் இருக்கிறது என்பதைப் பெயர்ப்பலகையையும் சுற்றுப்புறத்தையும் படம்பிடித்து அனுப்பியோ, அவர்கள் கேட்கும் வேறு வழியிலோ மெய்ப்பிக்க வேண்டும்.

இதில் நாங்கள் செய்த பிழைகள் இரண்டு. கடையின் பெயரை "சுத்தமான அசல் உடன்குடி கருப்பட்டி மொத்தம் மற்றும் சில்லறை" என்று நீளமாகப் போட்டோம். நிறையச் சொற்கள் இருந்தால் நிறையப் பேர் தேடும்போது அகப்படும் என்பது எங்கள் தந்திரம். பலகையில் உள்ள பெயரையே போட வேண்டும், சொற்களை அடுக்கக்கூடாது என்பது கூகுளின் விதி என்று சிஸ்டர் காட்டிக் குறைக்கச் செய்தார். இரண்டாவது, வரைபடத்தில் குறியைக் குளத்துக்கு மறுகரையில் வைத்துவிட்டோம். ஒரு குடும்பம் காரில் வந்து, தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டு தொலைபேசியில் வழி கேட்டபோதுதான் தெரிந்தது. பதிவு செய்பவர் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு பதிவு செய்வது நல்லது.

குறியைக் கொட்டகையில் வைத்தோமேயன்றி வீட்டில் வைக்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் முகவரியை மறைத்து, எந்தெந்த ஊர்களுக்குத் தருகிறோம் என்பதை மட்டும் காட்டலாம். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இது அவசியம். பதிவு முடிந்த சில நாள்களில், கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் பணம் கட்டினால் முதலிடத்தில் காட்டுவோம் என்றார். இத்தகைய அழைப்புகளுக்குப் பதிலே சொல்ல வேண்டாம். தேடலில் வரிசையை விலைக்கு வாங்க முடியாது. பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் தனி. அதில் விளம்பரம் என்ற குறிப்புடனேயே காட்டுவார்கள்.

அடுத்தது வாட்ஸ்ஆப் பிசினஸ். சிறு தொழில் செய்வோருக்கென்று 2018-இல் வந்த செயலி இது. இதுவும் இலவசம். பொருள்களின் படத்தையும் விலையையும் ஒரு பட்டியலாகப் போட்டு வைக்கலாம். அடுப்பில் வேலையாக இருக்கும்போது யாராவது கேட்டால், இன்ன நேரத்துக்குப் பிறகு பதில் தருகிறேன் என்று அதுவே சொல்லிவிடும். அந்தத் தாயாருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இந்த வசதிதான். பாகு பதம் பார்க்கும் நேரத்தில் தொலைபேசி மணி அடிப்பதைப் போன்ற தொல்லை உண்டா?

கணக்குகள் யாவும் தாயார் பெயரிலேயே உள்ளன. எங்கள் முகமோ பள்ளிச் சீருடையோ எந்தப் படத்திலும் வரக்கூடாது என்பது சிஸ்டர் விதித்த கட்டளை. அதில் எங்களுள் சிலருக்குச் சற்று வருத்தமே.

எதைச் சொல்வது?

படத்தின் கீழ் எழுத முதலில் நாங்கள் தயாரித்த வாசகம்: "தரமானது, சுவையானது, தூய்மையானது, உடல்நலத்துக்கு உகந்தது." சிஸ்டர் படித்துவிட்டு, "இதைச் சீனி கலந்தவர் எழுத மாட்டாரா?" என்று கேட்டார். எழுதுவார்தான். அப்படியானால் அது யாரை வேறுபடுத்திக் காட்டும்?

மறு சனிக்கிழமை ஊருக்குப் போய் வேலையை முழுதும் பார்த்தோம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, தாழியில் ஊற்றி, பனை மட்டையும் உடைமர விறகும் வைத்து எரிக்கிறார்கள். நுரை பொங்குகிறது, நிறம் மாறுகிறது, பாகு கம்பியாக இறங்குகிறது. பிறகு கழுவிய சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட உருவம் சிரட்டையால் வந்தது என்பதையே எங்களில் பாதிப்பேர் அன்றுதான் அறிந்தோம்! திரும்பி வந்து, மேற்சொன்ன நான்கு பெருமைச் சொற்களையும் அடித்துவிட்டுக் கண்டதை மட்டும் எழுதினோம். சுண்ணாம்பு, தாழி, விறகு, சிரட்டை, காய்ச்சிய மாதம், சீனி சேர்க்கவில்லை என்ற ஒரு வரி. படங்களையும் காலை வெளிச்சத்தில், நிறத்தை மெருகேற்றாமல் எடுத்தோம். கருப்பட்டி மங்கலாகத்தான் இருந்தது, மங்கலாகவே போட்டோம்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையையும் போடலாமே என்று தோன்றியது. ஆனால் அந்த வட்டாரத்தில் செய்வதாலேயே எல்லோரும் முத்திரையைப் பயன்படுத்திவிட முடியாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயன்படுத்தும் உரிமை உள்ளவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை மட்டும் முடித்து அதன் 14 இலக்க எண்ணையும், செய்பவர் பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த மாதம், குறை சொல்ல ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றையும் உறையில் அச்சிட்டோம்.

எங்கள் பெருந்தவறு

கூகுளில் வாங்கியோர் கருத்து என்று ஒரு பகுதி உண்டு. ஐந்து நட்சத்திரம் வரை தரலாம். எங்கள் கடைக்கு ஒன்றுகூட இல்லாதிருப்பதைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு மாலை, பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டுக் கைப்பேசியிலிருந்து ஐந்து நட்சத்திரம் போட்டு, "குடும்பத்தோடு சாப்பிட்டோம், அருமை", "பல வருடமாக வாங்குகிறோம்" என்றெல்லாம் எழுதினோம். பன்னிரண்டு பேரில் வாங்கியவர் ஒருவருமில்லை. தோழிக்கு உதவுவதாகவே நினைத்தோம்.

தோழி மகிழ்ச்சியோடு தாயாருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார். கோபப்படவில்லை. "பிள்ளைகளா, சீனி போட்டாத்தான் எடை கூடும்னு சொல்லுவாவ. நீங்க போட்டதும் அந்தச் சீனிதானே?" என்றார். அவ்வளவுதான் பேசினார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. அன்று மாலையே பன்னிரண்டையும் அழித்தோம்.

வாங்காதவர் எழுதும் கருத்தைக் கூகுளே அனுமதிப்பதில்லை, கண்டால் நீக்கிவிடும் என்பதைப் பிறகு அறிந்தோம். நம் நாட்டிலும் இணையக் கருத்துகள் எப்படிப் பெறப்பட வேண்டும் என்பதற்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரநிலையே வகுத்திருக்கிறது. இந்த விதிகளை முன்பே அறிந்திருந்தாலும் நாங்கள் அதைச் செய்திருப்போமோ என்னவோ! அந்தத் தாயாரின் ஒரு கேள்வியே எங்களைத் தடுத்தது.

அதன்பின் பொருள் அனுப்பும்போது, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்ற ஒரு துண்டுத்தாளை மட்டும் உள்ளே வைத்தோம். முதலில் வந்த உண்மையான கருத்து மூன்று நட்சத்திரம்! ஐப்பசி மழையில் போன பார்சல். சுவை நன்று, ஆனால் கருப்பட்டி கசிந்து ஓலையோடு ஒட்டியிருந்தது என்று எழுதியிருந்தார் ஒரு கோவை அம்மையார். அழ வேண்டும் போலிருந்தது எங்களுக்கு. தாயாரோ, "அவங்க சொன்னது சரிதானே" என்று பதில் எழுதச் சொன்னார். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காப்போம். தபாலில் அந்த வசதி இல்லை. வேறு கருப்பட்டி வெயில் வந்ததும் அனுப்புகிறேன் என்று எழுதினோம். அனுப்பவும் செய்தார். அந்த மூன்று நட்சத்திரமும் அதன் கீழுள்ள பதிலும் இன்றும் அப்படியே உள்ளன. புதிதாகக் கேட்பவர்களில் சிலர் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறோம் என்கிறார்கள்.

ஏமாற்றுவோர்

ஒருநாள் ஒருவர் நாற்பது கிலோ வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். தாம் இராணுவ அதிகாரி என்றும், முகாமுக்கு வாங்குவதாகவும் சொன்னார். விலை பேசவே இல்லை. பணம் அனுப்புகிறேன் என்று ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, அதைப் படம்பிடித்து இரகசிய எண்ணை அழுத்துங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறும் என்றார். மகள் விடுதியில் இருக்கிறாள், சனிக்கிழமை வருவாள், அவளைக் கேட்டுத்தான் அழுத்துவேன் என்று தாயார் சொல்லிவிட்டார். அவர் நயந்து பேசினார், பிறகு அதட்டினார். தாயார் அசையவில்லை. சனிக்கிழமை தோழி போய்ப் பார்த்தபோது அந்த எண்ணே இல்லை.

யூபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. இந்த ஒரு வரியைப் பெற்றோர் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். தப்பித் தவறி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு

இன்ஸ்டாகிராமிலும் பாகு காய்ச்சும் படம் போட்டோம். பார்த்தவர் பலர், வாங்கியவர் மிகச் சிலர். ஆயினும் அதில் எங்களுள் சிலருக்கு ஆசை அதிகமாகி, எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சிஸ்டர் இரண்டு நாள்களை நினைவூட்டினார். 2020 ஜூன் 29 அன்று நம் நாட்டில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதில் இலட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவர்கள் அனைவரையும் ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்ஆப்பும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. இவையெல்லாம் வாடகை வீடுகள். வீட்டுக்காரர் கதவைப் பூட்டினால் நம் பாத்திரங்களும் உள்ளேதான் இருக்கும்.

எனவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். வாங்குபவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வாங்கிய மாதம், அவர் சொன்ன குறை, நிறை இவற்றைத் தோழி எழுதி வருகிறாள். வேண்டாம் என்றவருக்கு மறுபடி செய்தி அனுப்புவதில்லை. சில்லுக்கருப்பட்டியில் சுக்கு கூடுதலாகக் கேட்ட பாட்டி ஒருவர், குழந்தைக்குச் சத்துமாவில் சேர்ப்பதாகச் சொன்ன தாய் ஒருவர், மதுரையில் காபிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்று அந்த நோட்டில் பலவகை மனிதர் இருக்கிறார்கள். முதலில் வாங்கியவர்களில் பலர் இரண்டாம் முறையும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விளம்பரச் செலவு ஏது?

வியாபாரியின் முன்பணம் இன்னும் முழுதும் தீரவில்லை. அவருக்குப் போக வேண்டியது போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மிஞ்சியதைப் பேருந்து நிற்கும் வரை காத்திருந்து விற்க வேண்டிய நிலை இல்லை. தோழி அரையாண்டுத் தேர்வை எழுதிவிட்டு, இப்போது எங்களோடு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இக்கட்டுரையில் தன் பெயரைப் போட வேண்டாம் என்றது அவள்தான். அந்தத் தாழியின் உயரத்தைத் தவறாக எழுதிவிடாதீர்கள் என்று பயந்து முழுதும் படித்துப் பார்த்ததும் அவளே. நாங்கள் உயரத்தைக் குறிப்பிடவேயில்லை.

தற்போது வாட்ஸ்ஆப்பில் யார் கேட்டாலும் இந்தப் பதில் தானாகவே போகிறது. வாசகம் தாயாருடையது, எழுத்துப்பிழை மட்டும் நாங்கள் திருத்தினோம்: "மழைக்காலம். தபாலில் அனுப்புவதில்லை. கொட்டகைக்கு நேரில் வந்தால் தருகிறேன். பங்குனியில் புதுக்கருப்பட்டி வரும், அப்போது கேளுங்கள்."